ஐவிஏ-வில் கையெழுத்துப் போடுவதற்கு முன்: இங்கிலாந்தில் கணவரைப் பிரிந்து வாழும் பெண்களுக்கு

2022-இல் மகளைக் கூட்டிக்கொண்டு வாடகை வீட்டுக்கு வந்தபோது என் தலையில் 19,000 பவுண்டு கடன் இருந்தது. பாதி, நானும் கணவரும் சேர்ந்து வாங்கிய வங்கிக் கடன். மீதி என் பெயரில் இருந்த கார்டுகள்; வீட்டுச் செலவெல்லாம் அதில்தான் ஓடியது.

'அரசுத் திட்டம், கடனில் பெரும்பகுதி தள்ளுபடி' என்று விளம்பரம் செய்த நிறுவனத்திடம் பேசினேன். அவர்கள் ஐவிஏ (Individual Voluntary Arrangement, கடன் கொடுத்தவர்களோடு தவணையில் கட்டச் செய்துகொள்ளும் சட்டபூர்வ ஒப்பந்தம்) ஒன்றைத்தான் சொன்னார்கள். மாதம் 100 பவுண்டு, ஐந்து வருஷம். அவ்வளவு மிஞ்சாது என்றதும் சாப்பாட்டுச் செலவைக் குறைத்து எழுதிக் கணக்கைச் சரிக்கட்டினார்கள். டிஆர்ஓ (Debt Relief Order, கடன் நிவாரண உத்தரவு) என்ற பேச்சையே எடுக்கவில்லை. சொந்த வீடு இல்லாமல், மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்காதவர்களுக்கான ஏற்பாடு அது. ஒரு வருஷத்தில் கடன் ரத்தாகிவிடும். அதற்கான கடன் வரம்பு அன்று 30,000 பவுண்டு, இப்போது 50,000. 2024 ஏப்ரலிலிருந்து விண்ணப்பக் கட்டணமும் கிடையாது. ஐவிஏ-வில் நான் முதலில் கட்டிய பணமெல்லாம் நிறுவனத்தின் கட்டணத்துக்கே போனது.

கூட்டுக் கடனில் என் பாதியோடு முடிந்துவிடும் என்றார்கள். பொய். சட்டப்படி ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. விவாகரத்து ஆனாலும் அது மாறாது. நான் ஐவிஏ-வுக்குள் போனதும் வங்கி மொத்தத்தையும் கணவரிடம் கேட்டது. அவர் என்னைத் தேட ஆரம்பித்தார்.

எனக்கு இன்னும் ஆறாதது இதுதான். ஐவிஏ போட்டால் நம் பெயரும் முகவரியும் திவால் பதிவேட்டில் ஏறிவிடும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம். நான் அடி தாங்காமல் வெளியேறியவள், என் முகவரி வெளியே தெரியக்கூடாது என்று முதல் அழைப்பிலேயே சொல்லியிருந்தேன். வன்முறைக்கு ஆளாகும் ஆபத்து உள்ளவர்கள் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, பதிவேட்டில் முகவரி வராமல் தடுக்க உத்தரவு வாங்கலாம். அதற்கென்றே சட்டத்தில் வழி இருக்கிறது. இதே வேலையைத் தொழிலாகச் செய்பவர்களுக்கு அது தெரியாமலா இருக்கும்? ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு நாள் கணவர் வாசலில் வந்து நின்று கதவைத் தட்டினார். மகள் பள்ளியையும் விட்டு, மறுபடி வீடு மாறினோம்.

அப்புறம் என் வேலை நேரம் குறைந்தது. தவணையைக் குறைக்கக் கேட்டு எழுதினால் நிலுவை நோட்டீஸ் வந்தது. கடைசியில் ஐவிஏ-வையே ரத்து செய்தார்கள். கடன் திரும்ப என் மேல் விழுந்தது. சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பில்தான், முதலில் முகவரியை மறைக்கும் உத்தரவுக்கு ஏற்பாடு செய்துவிட்டு, காசு வாங்காமல் டிஆர்ஓ போட்டுக் கொடுத்தார்கள்.

யாரிடமும் கையெழுத்துப் போடுவதற்கு முன் சிட்டிசன்ஸ் அட்வைஸிடமோ ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெப்ட்லைன் (National Debtline) போன்ற இலவச அமைப்புகளிடமோ பேசுங்கள். 'ப்ரீதிங் ஸ்பேஸ்' என்ற தற்காலிகப் பாதுகாப்பைக் கேட்டால் 60 நாள் வட்டியும் வசூலும் நிற்கும். அதற்குள் நிதானமாக யோசிக்கலாம். ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு, அங்கே இருப்பவர்கள் தனியாக விசாரியுங்கள். ஐவிஏ நடத்துபவர்மேல் இன்சால்வன்சி சர்வீஸ் என்ற அரசு அமைப்பில் புகார் கொடுக்கலாம். நான் கொடுத்திருக்கிறேன்.