கைவிடப்பட்ட பண்ணைகளில் ஈக்வினாக்ஸ் 800: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

பழைய பண்ணை நிலங்களில் மெட்டல் டிடெக்டருடன் இறங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இரும்பை எப்படி ஒதுக்குவது?" என்பதுதான். ஒதுக்காதீர்கள் என்பதே என் பதில். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் தென்பகுதிக் காடுகளில் மைன்லேப் நிறுவனத்தின் ஈக்வினாக்ஸ் 800 கருவியைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். வீடு எங்கே நின்றது, தொழுவம் எங்கே இருந்தது, வாசல் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் எனக்குக் காட்டிக்கொடுத்தவை ஆணிகள்தாம்.

இங்கே காடு என்று தெரிவதில் பெரும்பகுதி, 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மேய்ச்சல் நிலமாகவும் வயலாகவும் இருந்தது. லிஸ்பனில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த வில்லியம் ஜார்விஸ் 1811இல் மெரினோ ஆடுகளைப் பக்கத்து மாநிலமான வெர்மான்ட்டில் இருந்த தம் பண்ணைக்குக் கொண்டுவந்தார். அதைத் தொடர்ந்து எழுந்த கம்பளி மோகத்தில் மலைச்சரிவுகள் மொட்டையாயின. அதற்குள் இடி விழுந்தது போல 1816 வந்தது. முந்தைய ஆண்டு வெடித்த தம்போரா எரிமலையின் விளைவாக அந்தக் கோடையில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதங்களிலும் உறைபனி விழுந்து பயிர் கருகியது. பல குடும்பங்கள் ஒஹாயோ பக்கம் கிளம்பின. 1825இல் ஈரி கால்வாய் திறந்தபின் மேற்கே போவது இன்னும் எளிதாயிற்று. விட்டுச்சென்ற நிலத்தை மரங்கள் மீண்டும் எடுத்துக்கொண்டன. கல்சுவர்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன. நியூ இங்கிலாந்து முழுவதும் 2,40,000 மைலுக்கு மேல் கல்சுவர் இருந்திருக்கும் என்று ஆலிவர் பவுல்ஸ் என்ற சுரங்கப் பொறியாளர் 1939இல் மதிப்பிட்டார்.

இடத்தைக் கண்டுபிடிக்கும் வேலை வீட்டு மேசையில் தொடங்குகிறது. 1850களில் ஹென்றி வாலிங் போன்றவர்கள் வெளியிட்ட மாவட்ட வரைபடங்களில் ஒவ்வொரு வீடும் ஒரு புள்ளியாக, பக்கத்தில் குடும்பத்தலைவர் பெயருடன் இருக்கும். அதையும் லேசர் கதிரால் தரையின் மேடுபள்ளங்களை அளந்து தயாரித்த இன்றைய லைடார் நிழல் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கல்சுவர்கள் கோடுகளாகவும் இடிந்த வீடுகளின் நிலவறைக் குழிகள் சின்னச் சதுரங்களாகவும் தெரியும். நேரில் போனால் செடிகள் மிச்சத்தைச் சொல்லும். அடர்காட்டின் நடுவே ஒரு லைலாக் புதரோ, தரையோடு படர்ந்த வின்காவோ, கிழட்டு ஆப்பிள் மரமோ நின்றால், யாரோ ஒருவர் அங்கே வாசலில் நட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

இனி கருவி. ஈக்வினாக்ஸ் ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் வேலை செய்வது. ஒற்றை அலைவரிசை தேவைப்பட்டால் 5, 10, 15, 20, 40 கிலோஹெர்ட்ஸ் என்று தேர்ந்துகொள்ளலாம். திரையில் -9 முதல் 40 வரை எண்கள் வரும். சைபருக்குக் கீழே வருவது இரும்பு. அமெரிக்க நிக்கல் (ஐந்து சென்ட்) நாணயம் 13ஐ ஒட்டியும், பழைய வெள்ளி டைம் (பத்து சென்ட்) 26, 27 என்றும் காட்டும். பண்ணை நிலத்தில் இந்த எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு சட்டைப் பொத்தான் அதன் அளவு, பூச்சு, மண்ணில் கிடக்கும் கோணம் இவற்றுக்கேற்ப 10இலும் பேசும், 22இலும் பேசும். காதுதான் முக்கியம்.

கருவியுடன் வரும் 11 அங்குலக் காயில் (தரைக்கு மேல் வீசும் வட்டத் தட்டு) திறந்த வயலுக்கு அருமையானது. வீடு இருந்த இடத்துக்கு நான் 6 அங்குலக் காயிலைத்தான் மாட்டுகிறேன். இடிந்த வீட்டைச் சுற்றி ஒரு கையகல இடத்தில் நாலைந்து ஆணிகள் கிடக்கும். அவற்றில் ஒன்றை ஒட்டி ஒரு பித்தளைப் பொத்தான் கிடந்தால், பெரிய காயில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே முனகலாக்கிவிடும். சிறியது அவற்றைப் பிரித்துக் காட்டும். ரெகவரி வேகத்தை (ஒரு பொருளைத் தாண்டி அடுத்ததைக் கருவி பிடிக்கும் வேகம்) 6 அல்லது 7இல் வைத்து, அயர்ன் பயாஸை (சந்தேகமான ஒலியை இரும்பு என்று ஒதுக்கும் அமைப்பு) நன்கு குறைத்துவிட்டு, காயிலை மெதுவாக வீச வேண்டும். ஆழம் கொஞ்சம் குறையும். அதனால் எனக்கு இழப்பு எதுவும் தெரிந்ததில்லை, ஏனென்றால் இந்தக் காட்டுத் தரையில் பொருள்கள் பெரும்பாலும் ஒரு சாணுக்குள்தான் இருக்கின்றன.

அயர்ன் பயாஸைக் குறைத்தால் துருப்பிடித்த இரும்பு நல்ல உலோகம் போல நடிக்கும் என்பது உண்மைதான். வளைந்த ஆணி, தட்டையான தகடு, கோடரித் தலை ஆகியவை கணீரென்று ஒலிக்கும். அப்போது தொண்ணூறு பாகை சுற்றி நின்று மறுபடி வீசிப் பாருங்கள். ஒலி மறைந்தாலோ ஓரமாக நகர்ந்தாலோ பெரும்பாலும் ஆணி. இரண்டு பக்கமும் அதே இடத்தில், சிறியதாக இருந்தாலும் உடையாமல் தெளிவாக ஒலித்தால் தோண்டலாம். இந்தப் பழக்கம் காதில் படிய ஒரு பருவமாவது ஆகும். அந்தப் பொறுமை இல்லாமல் இரும்பு ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு நடப்பவர்கள், இருப்பதிலேயே வளமான இடத்தை வெற்றிடம் என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். அதனால் நான் எப்போதும் இரும்பு ஒலியைத் தாழ்ந்த சத்தத்தில் திறந்தே வைத்திருப்பேன். முனகல் அடர்ந்துகொண்டே போனால் சுவர் இருந்த இடத்தை நெருங்குகிறோம்.

தோண்டி எடுத்த ஆணியைத் தூக்கி எறிவதற்கு முன் பாருங்கள். நான்கு பக்கமும் சரிந்து, தலையில் சுத்தியல் அடி தெரிந்தால் கொல்லன் கையால் செய்தது, பெரும்பாலும் 1800க்கு முந்தையது. இரண்டு பக்கம் மட்டும் சரிந்திருந்தால் தகட்டிலிருந்து இயந்திரம் வெட்டியது, 19ஆம் நூற்றாண்டுக்குரியது. உருண்டையான கம்பி ஆணி 1880களுக்குப் பிறகுதான் பரவலானது. ஓரிடத்தில் முதல் வகையும் இரண்டாம் வகையும் மட்டுமே கிடைத்தால் என் மனம் குதிக்கும்.

கிடைத்தவற்றில் நம் கண்ணுக்கு அந்நியமில்லாதவை ஏராளம். இந்தக் கல்மண்ணை உழுதது பெரும்பாலும் எருதுதான். குளம்பு பிளவுபட்டிருப்பதால் இரண்டு இரண்டாக அடித்த லாடங்கள், கொம்பு முனையில் திருகிய பித்தளைக் குப்பிகள், பனிச்சறுக்கு வண்டிக் குதிரையின் சலங்கைகள் எல்லாம் வரும். சலங்கை முழுசாகக் கிடைத்து, மண்ணை உதறியதும் உள்ளே குண்டு உருண்டு ஒலித்துவிட்டால் அன்றைக்கு வேறெதுவும் வேண்டாம்.

நான் மிகவும் போற்றும் பொருள் ஒன்று உண்டு. ஒரு வாசற்கல்லின் இடது ஓரத்தில் நாலு ஆணிகளுக்கு நடுவே 15, 16 என்று தடுமாறிய ஓர் ஒலி. பின்பாயின்டரால் (குழிக்குள் பொருளின் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் சிறு கைக்கருவி) தேடி, விரலால் மண்ணை விலக்கியபோது பச்சை ஏறிய பித்தளை வளையமும், அதிலிருந்து இணையாக நீண்ட இரண்டு கால்களும் தெரிந்தன. மோர்சிங்! நம் கச்சேரி மேடையில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் இருப்பதன் நெருங்கிய உறவு, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. நடுவே அதிரும் இரும்பு நாக்கு துருவாகிப் போய், அது பொருந்தியிருந்த காடியில் செம்மண் நிறக் கறை மட்டும் ஒட்டியிருந்தது. இங்கிலாந்திலிருந்து மலிவாக வந்து இறங்கிய இந்த வாத்தியம் குடியேற்றக் காலப் பண்ணைகளில் அடிக்கடி கிடைக்கும் பொருள்தான். எனக்கோ அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்க முடியவில்லை.

செப்பு நாணயங்களைப் பொறுத்தவரை ஆசையைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும். 1793 முதல் 1857 வரை அச்சான பெரிய செப்புச் சென்ட்டுகள் வரும். 1857 வரை ஸ்பானிய வெள்ளியும் இங்கே சட்டப்படி செல்லுபடியானதால் ரியால் துண்டுகளும் வரலாம். ஆனால் இந்த மண்ணின் புளிப்பு செம்பை அரித்துவிடும். ஆண்டு தெரியாத வெறும் வட்டமாகவே பல கிடைக்கும். அந்த இடத்திலேயே தேய்க்கவோ தண்ணீரில் கழுவவோ கூடாது. தேதி இருப்பது பச்சைப் படலத்தில்தான், அது உரிந்தால் எல்லாம் போயிற்று. காயவிட்டுப் பல்குச்சியால் சுரண்டுவது போதும்.

அனுமதி விஷயத்தில் நான் கறார். அமெரிக்க மத்திய அரசு நிலத்தில் நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதியின்றி எடுப்பது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தனியார் நிலத்தில் உரிமையாளரிடம் கேட்டபிறகே காலெடுத்து வைக்க வேண்டும். கிடைத்த அனைத்தையும் அவருக்குக் காட்டி, அவர் விரும்புவதை அவரிடமே கொடுத்துவிடுகிறேன். நிலவறைக் குழிக்குள் நான் தோண்டுவதே இல்லை. அங்கே மண் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது, அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் தொல்லியலாளர்கள். பல பண்ணைகளில் குடும்பக் கல்லறையும் உண்டு, அந்தப் பக்கம் போகவே கூடாது. எடுத்த ஒவ்வொரு பொருளின் இடத்தையும் ஜிபிஎஸ்ஸில் குறித்துவைக்கிறேன். தமிழ்நாட்டில் முயல நினைப்பவர்களுக்கு: 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. மண்ணில் மறைந்து கிடந்து எடுக்கப்பட்ட, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பருவம் குறுகியது. குளிர்காலத்தில் மண் கல்லாக உறைந்துவிடும். கோடையில் பெரணியும் விஷப்படர்கொடியும் குழிகளை மூடிவிடும், உண்ணி வேறு. அது பரப்பும் லைம் நோய் பரவலான பகுதி என்பதால் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து தெளித்த உடையில்லாமல் நான் இறங்குவதில்லை. பனி உருகிய ஏப்ரலும் மேயும், இலையுதிர்ந்த அக்டோபரும் நவம்பரும்தான் வேலைக்கானவை. நவம்பரில் வேட்டைக்காரர்கள் நடமாடுவதால் ஆரஞ்சு மேலாடை கட்டாயம். பழைய கிணறுகளை மக்கிய பலகையோ மெல்லிய கல்லோ மூடியிருக்கலாம். குழிக்கு அருகில் ஒவ்வோர் அடியையும் தடியால் தட்டிப் பார்த்து வையுங்கள்.

கருவியின் எடை 1.34 கிலோ, நாள் முழுக்க வீசினாலும் தோள் தாங்குகிறது. ஒரு முறை சார்ஜ் செய்தால் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் என்று நிறுவனம் சொல்வது ஏறத்தாழ சரியே. பேட்டரி உள்ளேயே இருப்பதால் பையில் ஒரு பவர்பேங்க் இருக்கட்டும். இணையத்தில் மலிவாக வாங்கிய கம்பியில்லா ஹெட்போன் ஒன்று ஒரு பருவம்கூடத் தாங்கவில்லை, ஒலி தாமதித்து இலக்கைத் தவறவிட்டது. காதுக்கான பொருளில் சிக்கனம் வேண்டாம். இதன் அடுத்த மாடல்கள் சந்தைக்கு வந்துவிட்டதால் 800 இப்போது பழையதாக நல்ல நிலையில் கிடைக்கிறது. புதிதாகத் தொடங்குபவர் அதை வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தில் 6 அங்குலக் காயிலும் நல்ல பின்பாயின்டரும் வாங்கலாம். 15 அங்குலக் காயிலை நான் இந்த இடங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.