சோலாருக்கு ஐசொலேட்டர் வாங்குகிறவர்களே, ஸ்டிக்கரை நம்பாதீர்கள்

எலக்ட்ரிக்கல் சாமான் விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில் 6,450 ரூபாய் கொடுத்து வாங்கிய சோலார் ஐசொலேட்டர், அதாவது பேனலிலிருந்து வரும் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச், போன வாரம் எங்கள் மொட்டைமாடியில் எரிந்துவிட்டது. எந்த இடத்துக்கு எந்த சுவிட்ச் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறை பக்கம். பேனல்கள் ஒரே வரிசையில் இணைத்தவை, நல்ல வெயிலில் 400 வோல்ட் டிசி (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) வரும். பழைய சுவிட்சுக்குள் மழைத்தண்ணீர் புகுந்துவிட்டதால் புதிது தேடினேன். அந்தத் தளத்தின் சாட்டில் ஒருவர் அவ்வளவு பொறுமையாகப் பேசினார். பேனல் லேபிள், இன்வெர்ட்டர் லேபிள் இரண்டையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டு, "உங்க சிஸ்டத்துக்கு இதுதான் சார் கரெக்ட். 1000 வோல்ட் டிசி தாங்கும், தைரியமா வாங்குங்க" என்றார். லேபிளைக் கேட்டு வாங்கிப் பார்த்துச் சொல்கிற ஆளை யார்தான் சந்தேகப்படுவார்கள்? உடனே பணம் கட்டினேன். வந்த சுவிட்சின் மேலும் "1000 வோல்ட் டிசி" என்று பளிச்சென்று ஒட்டியிருந்தது.

பேனல் கழுவுவதற்காக எலக்ட்ரீஷியன் தம்பி உச்சி வெயிலில் அதைத் திருப்பினார். சுவிட்ச் ஆஃப் நிலைக்கு வந்துவிட்டது, கரண்ட் நிற்கவில்லை. உள்ளே நீல வெளிச்சம், பிளாஸ்டிக் உருகி ஒழுகுகிறது. தேங்காய்க் களத்துத் தார்ப்பாயை இழுத்து வந்து பேனல்களை மூடிய பிறகுதான் அணைந்தது. கருகிய ஸ்டிக்கர் உரிந்த இடத்தில் அசல் எழுத்து தெரிந்தது: 415 வோல்ட், பக்கத்தில் ஏசியைக் குறிக்கும் அலைக்குறி, ஏசி-22ஏ என்ற வகைப் பெயர். ஏசி சுவிட்சுக்கு டிசி ஸ்டிக்கர் ஒட்டி விற்றிருக்கிறார்கள்!

நம் ஏசி கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும், அந்த நேரத்தில் சுவிட்ச் முனைகளுக்கு நடுவே எழும் தீப்பொறி தானாக அணையும். டிசியில் அந்தப் பூஜ்யமே கிடையாது. முனைகள் விலகினாலும் நெருப்பு நீண்டுகொண்டே நிற்கும். இது தெரிந்தே 6,450 ரூபாய்க்கு விற்றவர்களை என்ன சொல்வது?

தளத்தில் கேட்டால், "மாட்டின பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை சார்." அப்புறம், "விற்றவரிடம் பேசுங்க." விற்றவரோ, "தளத்திலேயே கேளுங்க." அதற்கும் மேல், "பில் கோயம்புத்தூர், நீங்க கேரளா. தமிழ்நாட்டிலதான் புகார் கொடுக்கணும்." பச்சைப் பொய். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பாலக்காட்டில் கொடுக்கப்போகிறேன். 6,450 ரூபாயை விடமாட்டேன்.

விரிவாக எழுதும் மனநிலை இப்போது இல்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோலார் டிசி பக்கத்துக்கு, சுவிட்சின் உடம்பிலேயே டிசி-பிவி2 என்று அச்சடித்ததைத்தான் வாங்குங்கள். மோட்டாருக்கு என்றால் ஏசி-23ஏ. சில ஐசொலேட்டர்கள் பார்க்க எம்சிபி (ஷார்ட் ஆனால் தானாக விழும் சுவிட்ச்) மாதிரியே இருக்கும், ஆனால் அவை தானாக விழாது. ஷாக்கிலிருந்து காப்பது 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, அது வேறு பொருள். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் மாட்டுவதற்கு முன்பே உரித்துப் பாருங்கள். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். சாட்டில் பேசியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அந்தத் தளத்திலேயே என் புகாரைப் பதிந்ததுமே அங்கிருந்த பழைய சாட் காணாமல் போய்விட்டது.