கேமரா எந்த ஐபியில் இருக்கிறது? ரூட்டர் பட்டியல், ஸ்கேனர், எஸ்ஏடிபி, ஒன்விஃப்: ஓர் ஒப்பீடு

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புறப் பட்டணத்தில் கேமராக்கள் ஒரே நாளில் ஏறுவதில்லை. கோயில் உண்டியலுக்கு நேரே இரண்டு ஹிக்விஷன், ஏதோ ஒரு தைப்பூசத்துக்கு முன் மாட்டியவை. மண்டபத்தில் உபயமாக வந்த மூன்று டாஹுவா. செருப்பு விடும் இடத்தில் பெயரில்லாத வைஃபை கேமரா ஒன்று. மாட்டியவர் ஈப்போவுக்குப் போய்விட்டார், கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டது. பசார் கடைவீடுகளிலும் செம்பனைக் குலை நிறுக்கும் எடைமேடையிலும் நிலைமை பெரும்பாலும் இதுதான்.

இருக்கும் கேமராக்களின் ஐபியை, அதாவது நெட்வொர்க் முகவரியை, கண்டுபிடிக்க நான்கு வழிகள் உண்டு. நான்கும் ஒரே பட்டியலைத் தராது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குருட்டு மூலை இருக்கிறது.

ரூட்டரின் டிஹெச்சிபி பட்டியல் எதையும் நிறுவாமல் பார்க்கக்கூடியது. ரூட்டர் பக்கத்தைத் திறந்தால் போதும். ஆனால் ரூட்டரிடம் முகவரி கேட்டு வாங்கிய சாதனங்கள்தான் அதில் இருக்கும். நிலையான ஐபி போட்ட கேமரா வராது. புதிய ஹிக்விஷன் 192.168.1.64 என்ற முகவரியோடும், டாஹுவாவின் பழைய மாடல்கள் பல 192.168.1.108 என்ற முகவரியோடும் பெட்டியிலிருந்து வருகின்றன. உங்கள் ரூட்டர் 192.168.0.1 என்றால் இரண்டுமே வேறு தெருவில், அதாவது வேறு முகவரி வரிசையில், நிற்கின்றன, பட்டியலில் பெயர் வராது. ரூட்டர் 192.168.1.1 ஆக இருந்து, கடைசி எண் 100 முதல் 200 வரையான முகவரிகளைக் கைப்பேசிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தால் இன்னொரு தொல்லை: 108 ஒரு பக்தரின் கைப்பேசிக்கும் போகலாம். அப்போது கேமரா விட்டு விட்டு அறுபடும், கேபிள்மேல் பழி விழும். இந்தப் பட்டியலின் உண்மையான பயன் வேறு: செயலி வழியாக மட்டுமே பேசும் பெயரில்லாத வைஃபை கேமராவைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இதுதான்.

ஆங்கிரி ஐபி ஸ்கேனர், என்மேப் போன்ற ஸ்கேனர் மென்பொருள்கள் ஒரு முகவரி வரிசை முழுவதையும் தட்டிப் பார்க்கும். தட்ட வேண்டிய கதவுகள் (போர்ட்டுகள்) 80, 554, 8000, 37777. 554 வீடியோ ஓட்டத்துக்கு, 8000 ஹிக்விஷனுக்கு, 37777 டாஹுவாவுக்கு. சாதனத்திலேயே பதிந்திருக்கும் மேக் முகவரியின் முதல் ஆறு எழுத்துகளிலிருந்து தயாரிப்பாளரையும் சொல்லிவிடும். குறை என்னவென்றால், நீங்கள் சொன்ன வரிசையில் மட்டுமே தேடும். மடிக்கணினிக்கு 192.168.1.10 என்று இரண்டாவது முகவரியும் கொடுத்துத் தேடினால் பாதிப் பிரச்சினை தீரும்.

தயாரிப்பாளரின் கருவியை நான் முதலிடத்தில் வைக்கிறேன். ஹிக்விஷனுக்கு எஸ்ஏடிபி, டாஹுவாவுக்குக் கான்ஃபிக்டூல். எஸ்ஏடிபி நெட்வொர்க்கில் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு குரல் கொடுக்கும், கேமராவும் அதே மாதிரி பொதுவாகவே பதில் சொல்லும். அதனால் கேமராவின் ஐபி எந்தத் தெருவில் இருந்தாலும் கேட்கும். ஒரே 192.168.1.64 முகவரியில் நான்கு புதிய கேமராக்கள் இடித்துக்கொண்டிருந்தாலும் நான்கு வரிகளாகத் தனித்தனி வரிசை எண்ணோடு வரும். வேறு எந்த வழியும் இவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை.

செய்முறை இது. மடிக்கணினியின் வைஃபையை அணைத்து, கேமராக்கள் இருக்கும் அதே சுவிட்சில் கேபிளைச் செருகுங்கள். எஸ்ஏடிபியைத் திறந்தால் சில நொடிகளில் வரிகள் நிரம்பும். இன்னும் தொடங்கிவைக்காத கேமராவின் நிலை ‘இன்ஆக்டிவ்’ என்று இருக்கும். அதைத் தேர்ந்து 8 முதல் 16 எழுத்து வரை கடவுச்சொல் கொடுங்கள். பிறகு ஐபி, கேட்வே (ரூட்டரின் முகவரி) இரண்டையும் மாற்றி அதே கடவுச்சொல்லைப் போட்டுச் சேமியுங்கள். கோயிலுக்குக் கடைசி எண் 20 ஐ என்விஆருக்கும் (காட்சிகளைப் பதிவு செய்யும் பெட்டி), 21 முதல் 28 வரை கேமராக்களுக்கும் ஒதுக்கினால் ரூட்டர் கொடுக்கும் எல்லைக்கு வெளியே நிற்கும். பட்டியல் காலியாக வந்தால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: விண்டோஸ் ஃபயர்வால், விபிஎன் மென்பொருள் போட்டுவைத்த பொய்யான நெட்வொர்க் அட்டை, அல்லது சாதனங்களை ஒன்றுக்கொன்று பேசவிடாத வைஃபை அமைப்பு.

கடவுச்சொல் தெரியாத கேமராவுக்கும் இதிலேயே வழி உண்டு. மீட்புக் கோப்பை ஏற்றுமதி செய்து, வாங்கிய ஆதாரத்தோடு தயாரிப்பாளரின் சேவைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். பதில் வரும்வரை கேமராவை அணைத்துப் போடாதீர்கள், அந்தக் கோப்பு பயன்படாமல் போகலாம்.

ஒன்விஃப் 2008இல் ஆக்சிஸ், போஷ், சோனி சேர்ந்து தொடங்கிய பொது மொழி. ஒன்விஃப் டிவைஸ் மேனேஜர் என்ற இலவச விண்டோஸ் மென்பொருள் 3702 போர்ட்டில் கூப்பிட்டு, எந்த நிறுவனத்துக் கேமராவானாலும் ஒரே பட்டியலில் போடும். ஹிக்விஷனும் டாஹுவாவும் கலந்த கோயிலுக்கு அது பெரிய வசதி. ஆனால் ஹிக்விஷன் புதிய கேமராக்களில் ஒன்விஃப் அணைந்தே வரும். நெட்வொர்க் அமைப்பில் ‘இன்டக்ரேஷன் புரோட்டோகால்’ பகுதிக்குப் போய் அதை ஏற்றி, ஒன்விஃபுக்கென்றே தனிப் பயனரையும் உருவாக்க வேண்டும். அட்மின் பெயரை வைத்து முட்டிக்கொண்டிருப்பதில்தான் பலருக்கு ஒரு மதியம் போகிறது.

இன்னொரு கண்ணி நேரம். ஒன்விஃப் கடவுச்சொல்லோடு நேர முத்திரையையும் சேர்த்து அனுப்புகிறது. கேமராவின் கடிகாரம் 1970இல் நின்றால், சரியான கடவுச்சொல்லையும் தவறு என்று தள்ளிவிடும். முதலில் நேர மண்டலத்தை ஜிஎம்டி+8 ஆக்கி, நேரத்தைத் தானே சரிசெய்யும் என்டிபியை இயக்குங்கள். ஒன்விஃப் டிவைஸ் மேனேஜரும் பழையது, ஹெச்.265 முறையில் சுருக்கிய படத்தைக் காட்டத் திணறும். படம் வரவில்லை என்பதால் கேமரா கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம், விஎல்சி பிளேயரில் பாருங்கள்.

எதிலும் தெரியாத கேமரா இரண்டு வகை. ஒன்று, என்விஆரின் முதுகிலுள்ள, கேபிளிலேயே மின்சாரமும் தரும் பிஓஇ துளைகளில் நேராகச் செருகியது. என்விஆர் அவற்றுக்குத் தனி நெட்வொர்க் வைத்திருக்கிறது: ஹிக்விஷனில் 192.168.254 வரிசை, டாஹுவாவில் 10.1.1 வரிசை. வெளியிலிருந்து பார்த்தால் என்விஆர் ஒன்றுதான் தெரியும். மற்றது, உயிரே இல்லாதது. சுவிட்சில் விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியாவிட்டால் ஏணி போட்டு இணைப்புப் பெட்டியைத் திறக்க வேண்டியதுதான். கேபிள் வழியே வடிந்த மழைநீரில் எட்டு ஊசிகளும் பச்சை பூத்திருக்கும், மூலையில் பல்லி முட்டை இருக்கும். முனையை வெட்டிப் புது பிளக் அடித்து, கேபிளைப் பெட்டிக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு ஏற்றினால் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கண்டுபிடித்த பிறகு ஆள்வது. இரண்டு நிறுவனக் கேமராக்களையும் ஒரே என்விஆரில் ஒன்விஃப் வழியாகச் சேர்க்கலாம். படமும் பதிவும் வரும். ஆள் கோடு தாண்டினால் எச்சரிப்பது போன்ற நுட்ப வசதிகள் மட்டும் பல நேரம் கடந்து வராது. உண்டியல் கேமராவுக்கு அந்த எச்சரிக்கை தேவை என்றால் என்விஆரும் அதே நிறுவனமாக இருக்கட்டும். கணினியில் ஃப்ரிகேட் போன்ற திறந்தமூலப் பதிவு மென்பொருளை ஓட்டலாம், கலந்த கேமராக்களுக்கு அது மிக நல்லது. ஆனால் அதை ஓட்ட உதவும் டாக்கர் மென்பொருள் தெரிந்த ஒருவர் ஊரிலேயே இருக்க வேண்டும். கோயில் நிர்வாகம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாறும் இடத்தில் நான் என்விஆரைத்தான் சொல்வேன்.

வட்டு அளவுக்குக் கணக்கு எளிது. ஹெச்.265இல் ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் என்றால் நாளுக்கு 21.6 ஜிபி. எட்டுக் கேமராவுக்கு 173 ஜிபி. 4 டிபி வட்டு 23 நாள் தாங்கும். 4 மெகாபிட் என்றால் அதில் பாதி.

கைப்பேசியில் பார்க்க இரு வழி. கியூஆர் குறியைப் பிடித்துத் தயாரிப்பாளரின் செயலியில் சேர்ப்பது ஒன்று, ரூட்டரில் போர்ட் திறப்பது இன்னொன்று. இரண்டாவதைச் செய்யவே செய்யாதீர்கள், போர்ட்டைத் தானாகத் திறந்துவிடும் யுபிஎன்பியையும் அணைத்துவிடுங்கள். 2021 செப்டம்பரில் வெளிவந்த சிவிஇ-2021-36260 என்ற ஹிக்விஷன் ஓட்டை, கடவுச்சொல்லே இல்லாமல் கேமராவுக்குள் கட்டளை செலுத்த விட்டது. போர்ட் திறந்திருந்த கேமராக்களுக்குத்தான் முதல் ஆபத்து. அந்த ஓட்டையை அடைக்கும் ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) போட்டிருக்கிறதா என்பதை எஸ்ஏடிபியின் மென்பொருள் பதிப்புப் பத்தியிலேயே பார்க்கலாம்.

செயலி பாதுகாப்பானது, ஆனால் சாதனம் ஒரே கணக்கோடுதான் பிணையும், மற்றவர்கள் பகிர்வில்தான் பார்க்க முடியும். மாட்டியவர் தன் கணக்கில் பிணைத்துவிட்டால் கோயில் விருந்தாளி, அவர்தான் வீட்டுக்காரர். கடவுச்சொல் கையில் இருந்தால் எஸ்ஏடிபியிலிருந்தே பிணைப்பை நீக்கி, கோயிலின் சொந்த மின்னஞ்சலில் திறந்த கணக்கில் சேருங்கள். கடைசித் தவணைப் பணத்தை இந்தக் கணக்கும், ஐபி, வரிசை எண், கடவுச்சொல் எழுதிய ஒரு தாளும் செயலாளர் கைக்கு வந்த பிறகே கொடுங்கள். தாளின் ஒரு படி உண்டியல் சாவி இருக்கும் அதே அலமாரியில் இருக்கட்டும்.