திருப்பூர்ச் சரக்குக்குத் தூத்துக்குடியா, கொச்சியா?

தூரத்தை மட்டும் பார்த்தால் கொச்சிதான். திருப்பூரிலிருந்து கொச்சியின் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையம் 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். தூத்துக்குடி 300-ஐத் தாண்டும். ஆனாலும் எங்கள் ஊர்ப் பின்னலாடையில் பெரும்பங்கு தூத்துக்குடி வழியாகவே போகிறது. ஐரோப்பாவுக்குக் குழந்தைகள் உடை அனுப்பும் நானும் இரண்டையும் பார்த்துவிட்டுத் தூத்துக்குடியில்தான் நிலைத்திருக்கிறேன். சென்னை இரண்டையும்விடத் தொலைவு என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

லாரி வாடகையும் டீசலும் கொச்சிக்கே சாதகம். பாதையும் மேம்பட்டிருக்கிறது. 2017இல் ஜிஎஸ்டி வந்ததும் தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள வாளையார் சோதனைச்சாவடியில் லாரிகள் காத்துக் கிடந்த காலம் போனது. 2021இல் பாலக்காடு-திருச்சூர் சாலையில் குதிரான் சுரங்கப்பாதை திறந்தது. ஆனால் திருச்சூர்ப் பக்கம் நெரிசல் தீரவில்லை. 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் பாலியேக்கரா சுங்கச்சாவடியில் கட்டண வசூலையே நிறுத்தி வைக்கும் அளவுக்கு அது முற்றியது.

என் முடிவைத் தீர்மானித்தது சாலை அல்ல, கப்பல்களின் எண்ணிக்கை. எங்கள் வியாபாரம் பெரும்பாலும் எஃப்.ஓ.பி.; கப்பலில் ஏறும்வரை சரக்கு எங்கள் பொறுப்பு. சாயப்பட்டறையில் ஒரு நாள், செக்கிங்கில் அரை நாள் இழுத்தால் போதும், கன்டெய்னர் கப்பலைத் தவறவிடும். அடுத்த கப்பல் எப்போது? தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு, பெரிய கப்பலில் மாற்றி ஏற்றக் கன்டெய்னர்களைக் கொண்டுபோகும் சிறிய பீடர் கப்பல்கள் அடிக்கடி உண்டு. அங்கே தொலைதூரம் போகும் பெரிய தாய்க்கப்பல்களும் பல. கொச்சியில் நேரடிக் கப்பலைத் தவறவிட்டால் அதே சேவையில் அடுத்தது பெரும்பாலும் மறுவாரம்தான். சரக்கை வாங்கும் பையர் பொறுக்காவிட்டால் நம் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்த ஆர்டரின் லாபம் மொத்தமும் அதிலேயே போய்விடும். லாரி வாடகையில் மிச்சம் பிடித்த சில ஆயிரங்கள் அதற்கு எம்மாத்திரம்?

கொழும்பை நம்புவதிலும் ஆபத்து இருக்கிறது. செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியபின், 2024இல் அங்கே நெரிசல் கடுமையானது. பெட்டி மாற்றாத நேரடிக் கப்பலுக்கு அந்தக் கவலை இல்லை. வளைகுடா நாடுகளுக்கு அனுப்புவோருக்கும் மேற்குக் கரையிலுள்ள கொச்சியே பொருந்தும் என்று நினைக்கிறேன். அந்தச் சந்தையில் எனக்குப் பழக்கம் குறைவு. தொடர்ந்து அனுப்புபவர்களிடம் கேட்டு முடிவெடுங்கள்.

2024 டிசம்பரில் வணிகச் செயல்பாட்டைத் தொடங்கிய கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் பெரிய தாய்க்கப்பல்களே வருகின்றன. அங்கிருந்து பாலராமபுரத்துக்கு ரயில் பாதை முடிந்து, உள்நாட்டிலிருந்து வரும் ஏற்றுமதிச் சரக்கும் தடையின்றிப் போகத் தொடங்கினால் இந்தக் கணக்கை மறுபடியும் போட்டுப் பார்ப்பேன்.