வாலை அடக்கும் ஜைரோ: நெடுநாள் பயன்பாட்டில் கண்டது

ஃபுடாபா ஜிஒய்401 ஜைரோவை (வால் தானாகத் திரும்பிவிடாமல் பிடிக்கும் சென்சார் பெட்டி) பல வருடங்களாக, ஃப்ளைபார் என்ற சமநிலைக் கம்பி வைத்து நைட்ரோ எரிபொருளில் ஓடும் ரிமோட் ஹெலிகாப்டரில் ஓட்டி வருகிறேன். இப்போது வரும் கருவிகளில் மூன்று அச்சையும் ஒரே பெட்டி பார்த்துக்கொள்கிறது. ஜிஒய்401க்குத் தெரிந்தது வால் மட்டும்தான். அதனாலேயே வாலில் எது கோளாறு என்று இதில் சீக்கிரம் பிடிபடுகிறது.

பெட்டியின் மேல் இரண்டு குட்டி சுவிட்ச், இரண்டு திருகு, அவ்வளவுதான். ஒரு சுவிட்ச் டிஜிட்டல் சர்வோவுக்கு (சர்வோ என்பது வால் பிளேடை அசைக்கும் சின்ன மோட்டார்). அனலாக் சர்வோவை மாட்டிவிட்டு இதை ஆன் செய்தால் சர்வோ சூடேறிப் போய்விடும். இன்னொன்று ஜைரோ திருத்தும் திசைக்கு. இதில் சந்தேகத்துக்கு இடமே வைக்கக்கூடாது. ரிமோட்டில் வாலைத் திருப்பும் ரட்டர் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளி, வால் பிளேடின் கோணத்தை மாற்றும் ஸ்லைடர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். பிறகு ஹெலிகாப்டரைக் கையில் தூக்கி மூக்கைச் சட்டென்று இடப்பக்கம் திருப்புங்கள். ஸ்டிக்கைத் தள்ளியபோது போன அதே பக்கம் ஸ்லைடர் நகர வேண்டும். மாறி நகர்ந்தால், தரையை விட்டு எழும்பியதும் பம்பரம்தான்.

பலரும் நேராக, மூக்கின் திசையை ஜைரோவே பிடித்து வைக்கும் ஹெட்டிங் ஹோல்டுக்குப் போய்விடுகிறார்கள். நான் இன்றும் முதலில், திரும்பும் வேகத்தை மட்டும் தடுக்கும் ரேட் மோடில்தான் ஹோவர் செய்கிறேன், அதாவது ஓரிடத்தில் மிதக்க விடுகிறேன். ஸ்டிக் நடுவில் இருக்கும்போது சர்வோ கை, வாலுக்குப் போகும் தண்டுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். அந்த நிலையில், ஸ்டிக்கின் நடுநிலையை நகர்த்தும் ட்ரிம் இல்லாமலே மூக்கு நிலையாக இருக்கும்வரை தண்டின் நீளத்தைத்தான் மாற்ற வேண்டும். ஹெட்டிங் ஹோல்டில் போட்டால் ஜைரோ இந்தக் குறையை எல்லாம் மூடி மறைத்துவிடும். அதில் ஸ்டிக் சொல்வது பிளேடின் கோணத்தை அல்ல, திரும்ப வேண்டிய வேகத்தை. ட்ரிம்மைக் கொஞ்சம் நகர்த்தினாலும் மூக்கு மெல்ல சுற்றிக்கொண்டே இருக்கும். பிட்ச்சோடு (மேல் பிளேடின் கோணம்) ரட்டரைச் சேர்க்கும் மிக்ஸிங்கையும் அணைத்துவிட வேண்டும். தரையில் ஸ்டிக்கைத் தள்ளிவிட்டால் சர்வோ நடுவுக்குத் திரும்பாமல் ஓரத்திலேயே நிற்கும், அது பழுதல்ல.

அப்புறம் கெயின், அதாவது ஜைரோ எவ்வளவு பலமாகத் திருத்துகிறது என்ற அளவு. வால் படபடவென்று ஆடும்வரை ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் இறக்குவது எல்லாருக்கும் தெரிந்த வழி. ஆனால் ஹோவரில் அமைதியாக இருக்கும் வால், வேகமாக முன்னே ஓடும்போது ஆடத் தொடங்கும். ரோட்டர் வேகம் கூடினால் வாலின் பிடியும் கூடுகிறது, கெயினைக் குறைத்தாக வேண்டும். எனக்கு ஹோவரில் 70 சதவீத வாக்கில் நிற்கிறது, ரோட்டரை வேகமாக ஓட்டும் ஐடில்-அப்பில் 60க்குக் கிட்டத்தில். உங்கள் எண் வேறாகத்தான் இருக்கும்.

நெடுநாள் ஓட்டியதில் எனக்குப் புரிந்த ஒன்று: போன மாதம் நன்றாக இருந்த கெயினில் இந்த மாதம் வால் ஆடுகிறதென்றால், கெயினைத் தொடாதீர்கள். ஜைரோ மாறவில்லை, வால் தேய்ந்திருக்கிறது. வால் பிளேடின் பிடியை இரு விரலால் மெல்ல முறுக்கிப் பார்ப்பேன். ஸ்லைடர் அசையுமுன் பிளேடு அசைந்தால் பால் லிங்க் (தண்டை இணைக்கும் குண்டு மூட்டு) தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து சர்வோ பக்கம் லிங்க்கைக் கழற்றி, மூக்கை மேலாகத் தூக்குவேன். தண்டு தன் எடையிலேயே வழுக்கி வர வேண்டும். எங்காவது சிக்கினால் ஜைரோ தரும் சின்னத் திருத்தங்கள் வாலுக்கு உடனே போய்ச் சேராது. சேர்வதற்குள் ஜைரோ அதிகமாகத் திருத்தும், வால் ஆடும். கெயினைக் குறைத்தால் ஆட்டம் நிற்கும், ஆனால் பிடியும் போய்விடும். பலரும் அதோடு திருப்திப்பட்டுவிடுகிறார்கள்.

ஜைரோவை ஒட்டும் ஸ்பாஞ்ச் டேப்பையும் பார்க்க வேண்டும். நைட்ரோ புகையின் எண்ணெய் ஊறி ஓரம் மெல்ல எழும்பிவிடும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, நகத்தால் நெம்பினால்தான் தெரியும். ஜைரோ ஒயரையும் இழுத்துக் கட்டக்கூடாது. இறுகிய ஒயர் வழியாக அதிர்வு உள்ளே போகும்.

வெயில் நாளில் குளிரூட்டிய காரிலிருந்து எடுத்ததும் பறக்கவிட்டால் மூக்கு மெல்ல நகரும். வெளிச்சூட்டுக்குப் பழக விட்டு, பிறகு ஸ்விட்சைப் போட்டு, அது தயாராகும்வரை ஹெலிகாப்டரையும் ஸ்டிக்கையும் தொடாமல் இருந்தால் சரியாகிவிடும்.

பெட்டியின் இரண்டு திருகில் லிமிட், ஸ்லைடர் இரு ஓரத்திலும் முட்டி சர்வோ முனகாத அளவுக்கு. இன்னொன்றான டிலே, மெதுவான சர்வோ வைத்தவர்களுக்கு. வேகமான டிஜிட்டல் என்றால் பூஜ்யத்திலேயே விடலாம்.

பழையதாக வாங்க நினைப்பவர்கள் கையிலிருக்கும் சர்வோவை முதலில் பாருங்கள். இந்த ஜைரோ, நடுநிலையில் 1520 மைக்ரோ செகண்ட் நீள சிக்னல் துடிப்பில் இயங்கும் சர்வோவுக்கானது. 760 மைக்ரோ செகண்ட் சர்வோ வைத்திருந்தால் வேறு ஜைரோ தேடுங்கள்.