டிசிஐ பம்ப்: திரையில் தெரியும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

மயக்க வாயுவைக் கொடுக்கும் வேப்பரைசரை மூடிவிட்டு ப்ரொபோஃபால் என்ற மயக்க மருந்தை மட்டும் நரம்பு வழியே கொடுத்து முழு மயக்கத்தை நடத்தும் டாக்டர்கள், ரத்தத்தில் நாம் கேட்கும் மருந்தளவுக்கு ஏற்பத் தானே வேகத்தை மாற்றும் டிசிஐ (target controlled infusion) பம்ப் வாங்கலாமா என்று கேட்டால், தயங்காமல் வாங்குங்கள் என்பேன். சாதா சிரிஞ்ச் பம்பில் மணிக்கு இத்தனை மில்லி என்று ஓடவிட்டு, அப்புறம் மனக்கணக்காகவே குறைத்துக்கொண்டு வர வேண்டும். டிசிஐ பம்பில் நோயாளியின் வயது, எடை, உயரம் எல்லாம் கொடுத்து, ரத்தத்தில் ஒரு மில்லிக்கு இத்தனை மைக்ரோகிராம் வேண்டும் என்று சொன்னால் போதும், மருந்து கொழுப்புக்கும் தசைக்கும் பரவுவதையும் கல்லீரல் அதைச் சிதைப்பதையும் கணக்கிட்டு வேகத்தை அதுவே மாற்றிக்கொள்ளும். நிறுத்தினால் எத்தனை நிமிடத்தில் அளவு இறங்கும் என்றும் காட்டுகிறது, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

1996இல் முதலில் வந்த டிப்ரிஃப்யூசர் என்ற டிசிஐ கருவியில், மருந்து உடலில் பரவிக் குறைவதைக் கணிக்கும் மார்ஷ் கணக்கு ஒன்றுதான். இப்போதைய பம்புகளில் மார்ஷ், ஷ்னைடர் இரண்டும் இருக்கும், சிலவற்றில் 2018இல் வெளியான எலிவெல்டும் உண்டு. சிக்கல் இங்கேதான். மார்ஷ் பெரியவர்களுக்கு எடையை வைத்தே கணக்குப் போடுகிறது, ஷ்னைடர் வயது, உயரம், பாலினத்தையும் சேர்க்கிறது, அதனால் ஒரே இலக்கு எண்ணுக்கு இரண்டும் வெவ்வேறு அளவு மருந்தை ஏற்றும். போதாக்குறைக்கு ஷ்னைடர் பயன்படுத்தும் கொழுப்பில்லா எடைச் சூத்திரம் மிகவும் பருமனானவர்களிடம் தடம் புரள்கிறது. குழந்தை முதல் முதியவர் வரை 1,033 பேரின் தரவிலிருந்து உருவான எலிவெல்ட் இருந்தால் அதையே எடுங்கள். எதுவானாலும் ஒரு ஆபரேஷன் தியேட்டர் முழுக்க ஒரே கணக்கு இருக்கட்டும்.

இன்னொன்று, திரையில் தெரியும் 3.5 மைக்ரோகிராம் என்பது வெறும் மதிப்பீடு. ரத்தத்தை யாரும் அளந்து சொல்லவில்லை. குழாய் அடைத்தால் அலாரம் அடிக்கும், ஆனால் நரம்பில் செருகிய வென்ஃப்ளான் ஊசிக்குழாய் நழுவி மருந்து தோலுக்கடியில் கசிந்தால் பம்புக்குத் தெரியவே தெரியாது, எண் அழகாக அப்படியே நிற்கும். தசை தளர்த்தும் மருந்து போட்டவரால் விழித்துவிட்டேன் என்று கை அசைத்துக்கூடக் காட்ட முடியாது, எவ்வளவு கொடுமை! அறுவை சிகிச்சை நடுவே விழிப்பு வந்தவர்களைப் பற்றி பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2014இல் வெளியான பெரிய ஆய்வும் இந்தக் கசிவை ஒரு காரணமாகச் சொல்கிறது. வென்ஃப்ளான் போட்ட கையைத் துணிக்கு வெளியே கண்ணில் படும்படி வையுங்கள். பட்ஜெட் போடும்போதே பம்புடன் மூளை அலையை வைத்து மயக்கத்தின் ஆழத்தைக் காட்டும் பிஐஎஸ் மானிட்டரையும் சேர்த்துக் கேளுங்கள், இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் கிடைக்கும் என்றால் நான் மானிட்டரைத்தான் முதலில் வாங்குவேன்.