முதல் ஹெலிகாப்டர்: ராபின்சன் ஆர்22-வா, ஷ்வைசர் 300-ஆ?

பயிற்சிக்குச் சேரப் போகிறவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் இது. இரண்டுமே பிஸ்டன் எஞ்சின்தான். கையில் வரும் பழக்கம்தான் வேறு.

செலவு: ஆர்22 எரிபொருள் குறைவாகக் குடிக்கும், வேகமும் கூடுதல். இதில் ஷ்வைசர் தோற்றுவிடும்.

சைக்ளிக் (ஹெலிகாப்டரை முன்பின், பக்கவாட்டில் சாய்க்கும் கைப்பிடி): ஆர்22-இல் நடுவிலிருந்து நீளும் ஒரே டி வடிவத் தண்டு. ஷ்வைசரில் ஆளுக்கொரு குச்சி, கால்களுக்கு நடுவே.

த்ராட்டில் (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி): ஆர்22-இல் கவர்னர் என்ற தானியங்கிக் கருவி சுழல்வேகத்தைப் பார்த்துக்கொள்ளும். பழைய 300-களில் உங்கள் இடது மணிக்கட்டுதான் கவர்னர். முதல் சில மணி நேரம் வியர்க்கும். அப்புறம் அது பெரிய சொத்து.

கார்புரேட்டர் பனி (எரிபொருளும் காற்றும் கலக்குமிடத்தில் உறையும் பனி): ஆர்22-இல் அதற்கான அளவுமானியைப் பார்த்து ஹீட் இழுக்க வேண்டும். ஷ்வைசர் 300சி வகையில் கார்புரேட்டருக்குப் பதில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன், அந்த வேலையே இல்லை.

ரோட்டர்: முக்கியமானது இதுதான். ஆர்22-க்கு இலேசான 2 இறக்கைகள், அதனால் சுழல்வேகம் சட்டென்று விழும். எஞ்சின் நின்றால் கலெக்டிவை (ஏற்ற இறக்கத்துக்கான இடதுகை நெம்புகோல்) அந்த நொடியே இறக்க வேண்டும். சுழல்வேகம் 97 சதவீதத்துக்கு இறங்கி ஹாரன் அலறும்போது யோசிக்க நேரமிருக்காது. சைக்ளிக்கைச் சட்டென்று முன்னே தள்ளி உடல் எடையிழப்பதுபோல் ஆனால், ரோட்டர் தன்னைத் தாங்கும் தண்டான மாஸ்டையே இடிக்கலாம். 1995-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ இதற்கெனத் தனிப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. ஷ்வைசரின் 3 இறக்கை ரோட்டருக்கு மாஸ்ட் இடிக்கும் தொல்லை இல்லை. ஆனால் தரையில் கிரவுண்ட் ரெசொனன்ஸ், அதாவது ரோட்டரின் அதிர்வு பெருகி ஹெலிகாப்டரையே உலுக்குவது, வரலாம். அதிர்வை அடக்கும் டேம்பர்களைப் பறக்குமுன் குனிந்து பாருங்கள்.

பணம் இறுக்கம், பிறகு அதே ராபின்சனின் பெரிய ஆர்44 ஓட்டும் எண்ணம் என்றால் ஆர்22. ஆட்டோரொட்டேஷனை, அதாவது எஞ்சின் இல்லாமல் காற்றே ரோட்டரைச் சுழற்ற இறங்குவதை, நிதானமாகப் பழக வேண்டுமென்றால், நான் ஷ்வைசரைத்தான் சொல்வேன்.